ஸ்டோரிபோர்டில் கேமராவின் நகர்வையும் பொருளின் நகர்வையும் குழப்பமின்றிக் காட்டுவது எப்படி?

கெடிலக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரைச் சேர்ந்த நான் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவன். எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியலில் படகு கரை சேர்வதிலிருந்து மீன் ஏலம் முடிவது வரையான பொழுதை நண்பர்களோடு சேர்ந்து 12 நிமிடக் குறும்படமாக எடுத்து வருகிறேன். இயக்கமும் ஸ்டோரிபோர்டும் (ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே ஒரு கட்டமாக வரைந்து வைக்கும் தாள்கள்) என் பொறுப்பு. சிறு வயதிலிருந்தே வரைந்து பழகியவன் என்பதால் ஆள், படகு, வலைக்குவியல் எல்லாவற்றையும் அடையாளம் தெரியும்படி வரைந்துவிடுகிறேன். ஆனால் நகர்வைக் காட்டுவதில் தவறிவிட்டேன். அதனால் ஒரு விடியல் வீணாகிவிட்டது.

7-ஆம் கட்டத்தில் நடப்பது இதுதான். கழிமுகம் எங்களுக்கு வலப்புறம் இருக்குமாறு கேமராவை வைத்திருக்கிறோம். படகு வலமிருந்து இடமாக வருகிறது. அன்னக்கூடையைத் தலையில் வைத்திருக்கும் ஒரு பெண், படகை எதிர்கொள்ள இடமிருந்து வலமாகக் கரையோரம் விரைந்து நடக்கிறார். டிராலி, அதாவது டிராக் என்னும் தண்டவாளத்தின் மீது கேமராவை வைத்துத் தள்ளும் வண்டி, அவரோடு கூடவே செல்ல வேண்டும். இந்த மூன்றுக்கும் மூன்று அம்புக்குறிகளை, ஒரே கறுப்புப் பேனாவால், ஒரே தடிமனில், கட்டத்தின் நடுவிலேயே போட்டுவிட்டேன். ஒளிப்பதிவு செய்யும் நண்பர் படகுக்கான அம்பை டிராலிக்கு உரியது என்று எடுத்துக்கொண்டார். நான் வந்து பார்த்தபோது, அந்தப் பெண் நடக்கத் தொடங்கும் இடத்தில் டிராக்கே இல்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது, படகும் வந்து சேர்ந்துவிட்டது. அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தாளை யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள்.

இந்த மூன்று நகர்வுகளையும் ஒரே கட்டத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவது? ஜூம் செய்வதற்கும் டிராலியில் நெருங்குவதற்கும் ஒரே குறியைத்தான் போடுகிறேன், அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிக்கோல் (மறுமொழி):

தம்பி, வணக்கம். நான் புதுச்சேரியில் இருக்கிறேன்; விளம்பரப் படங்களுக்கும் சில திரைப்படங்களுக்கும் பல ஆண்டுகளாக ஸ்டோரிபோர்டு வரைந்து வருகிறேன். உங்களுக்கு நேர்ந்தது தொடக்கத்தில் எனக்கும் நேர்ந்திருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்பை எந்த நிறத்தில் போடுவது, எவ்வளவு தடிமனாகப் போடுவது என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது, இந்த அம்பு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான். படகு நகர்வது நம் கண்ணெதிரே இருக்கும் உலகத்திற்குள் நடக்கும் செயல். கேமரா இல்லாவிட்டாலும் அது நடக்கும். ஆகவே அதன் அம்பு படகின் அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) புறப்பட்டு, நீர்ப்பரப்பின் மீது படுத்தபடி கட்டத்திற்குள்ளேயே இருக்க வேண்டும். பெண்ணுக்கான அம்பு அவர் பாதத்தருகே தரையின் மீது இருக்க வேண்டும். கேமரா நகர்வதோ அந்த உலகத்திற்குள் நடப்பதன்று; நாம் பார்க்கும் சட்டமே (பிரேமே) நகர்கிறது. அதனால் கேமராவின் அம்பைச் சட்டத்தின் விளிம்பில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படியோ, முழுவதும் கட்டத்திற்கு வெளியிலோ வரைய வேண்டும். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இதற்கு மேல் ஒரு வழக்கமும் உண்டு. ஆளும் பொருளும் நகர்வதற்கு உள்ளே கறுப்பு நிரப்பிய அம்பையும், கேமராவிற்கு உள்ளே வெற்றாக விட்ட, வெளிக்கோடு மட்டும் கொண்ட அகலமான அம்பையும் பலர் போடுகிறார்கள். நானும் அப்படியே போடுகிறேன். ஆனால் இது எங்கும் எழுதி வைத்த விதியன்று, மாற்றிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் முதல் தாளின் மூலையில் உங்கள் குறிகளுக்கான விளக்கத்தை எழுதிவிடுங்கள். தலையைத் திருப்புவது, கையைத் தூக்குவது போன்ற சிறு அசைவுகளுக்கு மெல்லிய வளைகோடு போதும். அவற்றிற்குத் தடித்த அம்பு போட்டால் ஆளே நகர்கிறார் என்று படிக்க நேரும். அலையில் படகு ஆடுவதற்கு அம்பே வேண்டாம். படகென்றால் ஆடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி உங்கள் 7-ஆம் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். டிராலி அந்தப் பெண்ணின் வேகத்திலேயே கூடச் செல்லும்போது திரையில் உண்மையில் என்ன தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவர் சட்டத்திற்குள் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பார். அவருக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் இடப்பக்கமாக ஓடும். இதை ஒரே கட்டத்தில் அம்புகளால் சொல்ல முயல்வதுதான் சிக்கல். இரண்டு கட்டங்களாக வரையுங்கள். இரண்டிலும் பெண் சட்டத்தின் இடப்புற மூன்றில் ஒரு பங்கில் அதே அளவில் இருக்கட்டும், பின்னணி மட்டும் மாறட்டும். முதற்கட்டத்தில் அவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகளும் வலைக்குவியலும், படகு தொலைவில் சிறியதாக வலக்கோடியில். இரண்டாம் கட்டத்தில் பெட்டிகள் மறைந்து போய், படகு பாதிச் சட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். 7அ, 7ஆ என்று எண்ணிட்டு, இரண்டும் ஒரே ஷாட் என்பதைக் காட்ட இடையே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அம்பு இல்லாவிட்டாலும் ஒளிப்பதிவாளருக்குப் புரியும்.

பேன் செய்வதில், அதாவது கேமராவை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திருப்புவதில், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேமராவை வலப்புறம் திருப்பினால் திரையில் காட்சி இடப்புறம் சரியும். சரிவதைக் கண்டு அம்பையும் இடப்புறமாகப் போட்டுவிடுகிறார்கள். அம்பு காட்ட வேண்டியது கேமரா திரும்பும் திசையை மட்டுமே.

பேனுக்கும், கேமராவே இடம்விட்டு நகரும் டிராக்கிங்கிற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டுகொள்ள ஒரு பயிற்சி சொல்கிறேன். புதுச்சேரிக்கு வரும்போது மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். அந்த நேரத்தில் வாகனங்களை விடமாட்டார்கள் என்பதால் நிதானமாகச் செய்யலாம். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கற்றூண்கள் நிற்கின்றன. எதிரே ஓரிடத்தில் நின்று கைப்பேசியை மெல்லத் திருப்பினால் தூண்கள், சிலை, பின்னாலுள்ள கடல் எல்லாம் ஒட்டி வைத்த ஒரே படம்போல் சேர்ந்து நகரும். எந்தத் தூணும் இன்னொரு தூணை மறைக்கத் தொடங்காது. இப்போது கைப்பேசியை நேராகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பத்து அடி நடங்கள். முன்தூண் விரைவாகவும் பின்தூண் மெதுவாகவும் நகர்ந்து, ஒன்றையொன்று மறைத்தும் விலகியும் செல்லும்; ஒரு கணம் சிலையே ஒரு தூணுக்குப் பின்னால் போய் வரும். பேன் ஷாட்டின் இரு கட்டங்களை வரையும்போது பொருள்களின் முன்பின் மறைப்பை மாற்றக் கூடாது, டிராக்கிங் ஷாட்டில் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது இதைப் பார்த்த பிறகு மறக்காது.

ஜூமுக்கும் டிராலிக்கும் ஒரே குறி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டத்திற்குள் ஒரு சிறிய சட்டம் வரைந்து, வெளிச்சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் அதன் மூலைகளை நோக்கி அம்பிடுவது இரண்டுக்கும் பொதுவான குறிதான். நெருங்குகிறோம் என்று மட்டுமே அது சொல்லும். எப்படி நெருங்குகிறோம் என்பதை இறுதிக்கட்டம்தான் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டி கேமராவிலிருந்து 10 அடியிலும் படகு 40 அடியிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிராலியை 5 அடி முன்னே தள்ளினால் பெட்டிக்கும் கேமராவிற்கும் இடையே 5 அடிதான் இருக்கும், அது இருமடங்கு பெரிதாகத் தெரியும். படகோ 35 அடியில் இருக்கும், ஏழில் ஒரு பங்கு மட்டுமே பெரிதாகும். ஜூம் செய்து பெட்டியை இருமடங்காக்கினால் படகும் அதே இருமடங்காகும். இந்த அளவுகளை மனத்தில் வைத்து இறுதிக்கட்டத்தை வரைந்து, கீழே 'டிராலி' அல்லது 'ஜூம்' என்று எழுதிவிட்டால் ஐயத்திற்கு இடமிருக்காது.

பெரிய வாய்க்கால் (மறுமொழி):

கரிக்கோல் அண்ணன் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. சில செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் அனிமேஷன் துறையில் வேலை பார்க்கிறேன். ஸ்டோரிபோர்டு என்ற முறையே 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில் கார்ட்டூன் படங்களுக்காக, வரைந்த தாள்களைப் பலகையில் குத்தி வரிசைப்படுத்தியதிலிருந்து வளர்ந்ததுதான். எங்களுக்குக் கேமரா நகர்வைத் தெளிவாகக் குறிப்பது உயிர்நாடி. ஏனென்றால் பின்னணி ஓவியர் எவ்வளவு அகலம் வரைய வேண்டும் என்பதை அந்தக் குறியைப் பார்த்தே முடிவு செய்கிறார்.

அதனால் பேன் ஷாட்டை நாங்கள் ஒரு சாதாரணக் கட்டத்திற்குள் அடைப்பதில்லை. கழிமுகத்தில் தொடங்கி ஏலம் விடும் இடத்தில் முடியும் பேன் என்றால், அந்த முழு அகலத்தையும் ஒரே நீளக் கட்டமாக வரைந்து, அதன்மேல் தொடக்கச் சட்டத்தையும் முடிவுச் சட்டத்தையும் முறையாக வரைந்து, 'அ', 'ஆ' என்று பெயரிட்டு, இரண்டையும் வெற்று அம்பால் இணைப்போம். நீளக் கட்டம் இரண்டரைச் சட்ட அகலம் கொண்டதென்றால், 1920 பிக்சல் அகலப் படத்திற்கு 4800 பிக்சல் அகலமான பின்னணி வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். உங்களைப் போல் கேமராவால் எடுக்கும் நேர்ப்படப்பிடிப்பில் இதனால் வேறொரு பயன் உண்டு: பேன் போகும் வழியில் என்னென்ன தெரியும் என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். உங்கள் ஷாட்டில் நடுவே யாருடைய மோட்டார் சைக்கிளாவது நிற்கிறதா என்பது நீளக் கட்டத்தை வரையும்போதுதான் நினைவுக்கு வரும். கேமராவை மேலும் கீழுமாகத் திருப்பும் டில்ட்டுக்கும் இதே முறைதான்; புதுச்சேரியில் 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தை அடியிலிருந்து உச்சிவரை காட்ட வேண்டுமானால், நெட்டையான ஒரே கட்டத்தை வரைந்து கீழே ஒரு சட்டமும் மேலே ஒரு சட்டமும் இட வேண்டும்.

சட்டத்தின் விகிதத்தை இதில் விட்டுவிடாதீர்கள். 16:9 என்று முடிவு செய்தால் எல்லாச் சட்டங்களும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும், 2.39:1 என்றால் 12 சென்டிமீட்டர் அகலத்திற்கு 5 சென்டிமீட்டர் உயரம். ஜூமுக்காக உள்ளே வரையும் சிறிய சட்டத்தையும் கைபோன போக்கில் சதுரமாக வரைந்துவிடக் கூடாது. வெளிச்சட்டத்தின் மூலைவிட்டங்களை மெல்லிய பென்சிலால் இழுத்துக்கொண்டு, நடுப்புள்ளியை நோக்கிச் செல்லும் ஜூம் என்றால் அவற்றின் மீதே உள்மூலைகளை வைத்தால் விகிதம் தானாக அமையும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கேமராவுக்குச் சிவப்பு, ஆளுக்கு நீலம் என்று பிரிப்பது பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படப்பிடிப்புக்குப் போகும் தாள்கள் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ். அதில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல் நிறம். ஆகையால் வேறுபாட்டை அம்பின் வடிவமே சுமக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கெடிலக்கரை:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. ஐஸ் பெட்டிக் கணக்கை நேற்றே துறைமுகத்தில் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே படகு அவ்வளவாக வளரவில்லை, பெட்டி மட்டும் முன்னால் வந்து நின்றது. இன்னொரு ஐயம் இருக்கிறது. 11-ஆம் கட்டத்தில் அந்தப் பெண் கூடை நிறைய மீனுடன் கேமராவை விட்டு விலகி, ஏலம் விடுபவர்களின் கூட்டத்திற்குள் ஆழமாக நடந்து செல்கிறார். அதே நேரத்தில் ஜிம்மி ஜிப் (கேமராவை முனையில் தாங்கி உயர்த்தும் நீண்ட கை) மேலே எழுகிறது. ஆழத்தை நோக்கிச் செல்லும் அம்பை எப்படி வரைந்தாலும் அது மேல்நோக்கிப் பறக்கும் அம்பாகவே தெரிகிறது. ஜிப்பின் அம்போடு அதுவும் சேர்ந்து, அவர் வானத்தில் ஏறுவது போல ஆகிவிடுகிறது.

கரிக்கோல்:

தம்பி, அம்பைத் தாளின் மீது ஒட்டாமல் தரையின் மீது விரியுங்கள். தரையில் ஒரு பாய் விரித்திருப்பதாக எண்ணிக்கொண்டு, அதன் இரு ஓரங்களும் அடிவானத்தில் இணைகோடுகள் கூடுவதுபோல் தெரியும் மறைபுள்ளியை நோக்கிக் குறுகிச் செல்லுமாறு வரைந்தால், வால் நம்மருகே அகலமாகவும் முனை தொலைவில் ஒடுங்கியும் இருக்கும்; அப்போது அது பறக்காது. நம்மை நோக்கி வரும் ஆளுக்கு இதைத் திருப்பிப் போட்டு, முனையை நம் பக்கம் பெரிதாக்குங்கள். அந்த அம்பின் ஒரு பகுதியைக் கூட்டத்தில் நிற்பவரின் காலுக்குப் பின்னால் மறையவிட்டால், பெண் அவருக்குப் பின்னால் செல்கிறார் என்பதும் சொல்லாமலே தெரியும். ஜிப்பின் அம்பு சட்டத்தின் வெளிவிளிம்பில் வெற்று அம்பாக மேல்நோக்கி நிற்கட்டும். ஜிப் ஷாட்டில் முடிவுக்கட்டம் கட்டாயம் வேண்டும். மேலே சென்ற பிறகு அடிவானம் சட்டத்தில் எங்கே இருக்கும், கேமரா கீழே குனிந்து பார்க்குமா நேராகப் பார்க்குமா என்பதை எந்த அம்பாலும் சொல்ல முடியாது.

ஃபோகஸ் வளையம் (மறுமொழி):

வணக்கம். நான் ஒளிப்பதிவு உதவியாளர், வில்லியனூரில் வசிக்கிறேன். இந்தத் தாள்களை வரைபவனாக அல்லாமல் படிப்பவனாக மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே ஷாட்டில் இரண்டு நகர்வுகள் இருக்கும்போது எது முதலில் தொடங்குகிறது என்பதே எங்களுக்குப் பெருங்கவலை. பெண் நடக்கத் தொடங்கிய பிறகு டிராலி கிளம்புமா, அல்லது டிராலி முன்பே நகர்ந்துகொண்டிருக்கும்போது அவர் சட்டத்திற்குள் வருவாரா? இரண்டும் முற்றிலும் வேறான ஷாட்டுகள். அம்புகளின் மீது 1, 2 என்று எண்ணிட்டு, கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'பெண் இரண்டடி எடுத்து வைத்ததும் டிராலி, படகு கரையைத் தட்டியதும் இரண்டும் நிற்கும்.' இந்த ஒரு வரி, டிராலி தள்ளுபவர், ஃபோகஸ் பிடிப்பவர், நடிப்பவர் மூவருக்கும் போதும்.

வேகத்தையும் விநாடிக் கணக்கில் எழுதுங்கள். விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கும்போது, அசையாத ஒரு பொருள் சட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பை அடையச் சுமார் 7 விநாடியாவது ஆக வேண்டும் என்பது நாங்கள் கைக்கொள்ளும் அளவு. அதைவிட விரைவாகப் பேன் செய்தால் பின்னணி வெட்டி வெட்டித் தெரியும். ஓடும் ஆளைப் பின்தொடரும் பேனுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது, பார்ப்பவர் கண் ஆளின் மீதே இருக்கும். ஆனால் கழிமுகத்திலிருந்து ஏலக்களம் வரை இரண்டரைச் சட்ட அகலத்தைக் காட்டும் பேனில், தொடக்கச் சட்டத்திலிருந்து முடிவுச் சட்டத்திற்கு ஒன்றரைச் சட்ட அகலம் நகர வேண்டும். அதற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் அந்தக் காட்சி தாங்குமா என்பதை ஸ்டோரிபோர்டிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

மூன்றாவதாக, 7-ஆம் கட்டம் போன்றவற்றிற்குப் பக்கத்திலேயே சிறிய தரைப்படம் ஒன்றை, மேலிருந்து பார்ப்பது போல வரைந்துவிடுங்கள். நீரோரம் ஒரு கோடு, படகுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வட்டம், கேமராவிற்கு அதன் பார்வைக்கோணத்தைக் காட்டும் 'வி' வடிவம், டிராக்கிற்கு இரட்டைக் கோடு. இது இருந்திருந்தால் உங்கள் நண்பர் டிராக்கை இடம் மாற்றிப் போட்டிருக்க மாட்டார். இன்னொன்றும் தெரிந்துவிடும். அடுத்த ஷாட்டை எதிர்க்கரையிலிருந்து எடுக்க நினைத்தால், வலமிருந்து இடமாக வந்த அதே படகு இடமிருந்து வலமாகப் போகும். பார்ப்பவர்கள் அது மறுபடியும் கடலுக்குப் போகிறது என்றே எண்ணுவார்கள். படகு செல்லும் வழியைத் தரைப்படத்தில் ஒரு கோடாக நீட்டி, கேமராக்கள் எல்லாம் அதன் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் மீண்டும் நன்றி. நேற்றிரவு அமர்ந்து 7-ஆம் கட்டத்தை 7அ, 7ஆ என்று பிரித்து வரைந்து முடித்தேன். இரண்டிலும் பெண்ணை ஒரே இடத்தில் வைத்தேன். கூடைக்குக் கீழே சும்மாடு சற்று நழுவுவதற்கும் அவர் கையை உயர்த்தி அதைப் பிடிப்பதற்கும் மெல்லிய வளைகோடுகள் மட்டும் போட்டேன். படகுக்கு நீரின் மீது நிரப்பிய அம்பு, டிராலிக்கு மேல்விளிம்பில் வெற்று அம்பு, பக்கத்தில் தரைப்படம். தரைப்படத்தை வரைந்த பிறகுதான், 9-ஆம் கட்டத்தை எதிர்க்கரைப் பக்கமிருந்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன், அதையும் மாற்றிவிட்டேன்.

ஒளிப்பதிவு நண்பரிடம் ஒன்றும் விளக்காமல் தாளை மட்டும் கொடுத்து, டிராக் எங்கிருந்து எங்கே வரை என்று கேட்டேன். வலைக்குவியலுக்கு இரண்டடி இடப்புறத்தில் தொடங்கி, படகு கட்டும் கல் வரை என்று சொன்னார். 11-ஆம் கட்டத்தின் முடிவுச்சட்டத்தில் அடிவானம் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டார். அதை இன்று மாலை இருவரும் துறைமுகத்திற்குப் போய், ஏலக்கூடத்தின் படிக்கட்டில் ஏறி நின்று பார்த்துவிட்டு வரையப் போகிறோம்.